பாங் தேசொப்பைத் தேடுகிறேன்

அத்தியாயம் 11

அந்த வியாழக்கிழமை காலை, பெகோக் கல்லூரி நிறுவனர் வீட்டில் யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை. போன வாரம் அவர்களை அந்த மேசையில்தான் விட்டுவிட்டு வந்தோம். தொலைக்காட்சியில் சியோல் நகரத்து மைதானம் தெரிந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு நடுவே, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"அண்ணன் பாங் தேசொப்பைத் தேடுகிறேன். வயது அறுபத்தொன்று. ஹ்வாங்ஹே மாகாணம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மணியடித்தவர். படித்ததில்லை. 1951 ஜனவரியில் படகுத்துறையில் பிரிந்தோம். தங்கை ஜொம்ரே."

கொரியப் போரில் பிரிந்தவர்கள் இப்படி அட்டையோடு வந்து நிற்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நாடு முழுக்க வேலையைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

பெகோக் கல்லூரியின் முதல்வர் பெயர் பாங் தேசொப். வயது அறுபத்தொன்று. சொந்த மாகாணம் இப்போது வட கொரியாவில் இருக்கும் ஹ்வாங்ஹே. ஆனால் அவர் மணியடித்தவர் இல்லை. டோக்கியோவில் பட்டம் வாங்கியவர். அகதிப் பிள்ளைகளுக்குக் கூடாரத்தில் இரவுப் பள்ளி நடத்தி, அதை உயர்நிலைப் பள்ளியாக்கி, பிறகு கல்லூரியாக்கியவர். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது.

"யாருங்க அது?" என்று கேட்டாள் மனைவி இன்சுன். அவள் கையில் மீன் முள் இருந்தது. அவருடைய பங்கு மீனுக்கு முள் எடுத்துக் கொடுப்பது அவள் வழக்கம்.

"வேற ஆள்."

"பேரு, வயசு, மாகாணம் எல்லாம் ஒண்ணா இருக்கே?"

"ஹ்வாங்ஹேல பாங் குடும்பம் நூறு இருக்கு. தேசொப்னு பத்துப் பேராவது இருப்பான்." அவர் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார். "ரெண்டு மணிக்குக் கல்வி அமைச்சகத்துலேர்ந்து வராங்க. இன்னிக்கு இந்த அழுகையெல்லாம் வேண்டாம்."

மகள் ஹேரானும் மேசையில் இருந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. அதே கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறாள். அப்பாவின் தன்விவரத் தாளைப் போன மாதம் தட்டச்சு செய்தவள் அவள்தான். அமைச்சகம் அன்றைக்கு ஒப்புக்கொண்டால் பெகோக் கல்லூரி பல்கலைக்கழகமாகும். அவர் அதன் முதல் தலைவராவார். அதற்காக நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை அவள் தன் கையாலேயே தட்டச்சு செய்தாள். அந்த ஒரு தாளில் மட்டும் ஓர் இடத்தில் விரல் நின்றது. டோக்கியோ பட்டத்துக்கு நேரே, "சான்றிதழ் குண்டுவீச்சில் எரிந்துபோனது, இருவர் சாட்சி" என்று இருந்தது. சாட்சி சொன்ன இருவரும் உயிரோடு இல்லை.

அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போரில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று எரிந்துதான் போயிருந்தது.

அவள் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"கோப்பெல்லாம் ஆபீஸ்ல குக் ஐயாகிட்ட குடுத்துட்டேன்பா. எனக்கு சியோல்ல கொஞ்சம் வேலை இருக்கு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்."

அப்பா மகளைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. போகாதே என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் சட்டைக் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடு" என்றார்.

*

இன்சுன் மேசையைத் துடைத்தாள். அவள்தான் கல்லூரி அறக்கட்டளையின் தலைவி. தாளில் அப்படித்தான் இருக்கிறது. இருபது வருஷமாக அவள் பெயர் பொறித்த முத்திரை கணவரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கூட்டத்துக்கு அவள் போவதுண்டு. பழம் நறுக்கி வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

கல்லூரி நிற்கிற குன்று அவளுடைய அப்பா கூ கிழவரின் பேரிக்காய்த் தோட்டம். அவருக்குப் படித்தவர்கள் என்றால் உயிர். வங்கி அதிகாரி மகனுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தைக் கலைத்துவிட்டு, கூடாரத்தில் பாடம் நடத்திய அகதிக்கு மகளைக் கொடுத்தார். பிறகு தோட்டத்தையும் கொடுத்தார். "டோக்கியோல படிச்ச மாப்பிள்ளை இந்த ஜில்லாவுல வேற யாருக்கு இருக்கு?" என்று சந்தையில் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அதே வருஷம் இன்சுனுக்கு சியோல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. "வீட்ல ஒரு படிச்சவர் போதும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அவளும் சரி என்றுதான் சொன்னாள். அப்போது அவளுக்கு இருபத்தோரு வயது.

அவள் முலாம்பழங்களைக் கூடையில் எடுத்து வைத்தாள். அமைச்சகத்திலிருந்து மூன்று பேர். ஆளுக்கு ஒன்று போதும். இருந்தாலும் ஐந்து எடுத்துக்கொண்டாள்.

*

கல்லூரி வாசலில் தலைமை எழுத்தர் குக் ஓடி வந்தார். இருபது வருஷமாக முதல்வரின் நிழல் அவர். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"ஐயா! பார்த்தேன் ஐயா! என் பொண்டாட்டி அடுப்பைக்கூட அணைக்காம ஓடி வந்து கூப்பிட்டா. உங்க தங்கச்சி…"

"குக், அது வேற ஆள்."

"வேற ஆளா?" குக்கின் முகம் தொங்கிப்போனது. "ஆனா ஐயா, மூக்கு அப்படியே உங்க…"

"நான் மணியடிச்சேனா குக்?"

"ஐயையோ, அப்படிச் சொல்வேனா? மணியடிக்கிற ஆளா நீங்க?"

"அப்புறம் என்ன? போய்ப் படிக்கட்டைக் கழுவச் சொல்லுங்க."

குக் படிக்கட்டைக் கழுவ ஆள் அனுப்பினார். காலையில் ஏற்கெனவே இரண்டு முறை கழுவியாகிவிட்டது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கறுப்பு கார் வந்தது. குழுவின் தலைவர் மியோங் ஒல்லியானவர், அதிகம் பேசாதவர். நூலகத்தில் புத்தகங்களை எண்ணச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். எல்லாம் முடிந்து முதல்வர் அறையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வேறு பேச்சு எடுத்தார்.

"வழியில டீ குடிக்க நிறுத்தினோம். டிவியில உங்க பேர் ஓடுச்சு."

"ஆமா. காலைலேர்ந்து எல்லாரும் கேக்கறாங்க. அது வேற யாரோ."

"அப்படியா?"

"ஒரே பேர். அவ்வளவுதான்."

மியோங் தலையாட்டினார். "தப்பா நினைக்காதீங்க. எங்க அம்மா அஞ்சு நாளா அந்த மைதானத்துல நிக்கிறாங்க. என் தம்பியைத் தேடிட்டு. அதனால எந்தப் பேர் வந்தாலும் வாசிச்சுடறேன்."

தேசொப் பார்லித் தேநீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "கிடைக்கட்டும்" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் மேடையில் பேசிப் பழகிய குரல் அது.

*

ஹேரான் மைதானத்துக்கு வந்து சேரும்போது பன்னிரண்டரை மணி. தூணில், சுவரில், தரையில், மரத்தில், ஆள் முதுகில், எங்கே பார்த்தாலும் அட்டை. பார்க்கிறவர்கள் குனிந்து, நிமிர்ந்து, வாய்க்குள் வாசித்துக்கொண்டே நகர்ந்தார்கள். ஒரு மணி நேரம் அவளும் அப்படியே நகர்ந்தாள்.

ஜொம்ரே தூண் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து, சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் கீறல், இன்சோன் துறைமுகத்தில் சிப்பி உடைத்து விற்கிறவள். அட்டை மடியில் கிடந்தது.

ஹேரான் முன்னால் போய் நின்றாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பேருந்தில் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தாள். மூன்றும் மறந்துபோயின.

ஜொம்ரே நிமிர்ந்து பார்த்தாள். சோறு மெல்லுவது நின்றது.

"நீ யாருடி?"

"எங்கப்பா பேரு பாங் தேசொப்."

"இந்தப் பக்கம் திரும்பு." ஹேரான் திரும்பினாள். "அந்தப் பக்கம்." அந்தப் பக்கமும் திரும்பினாள். ஜொம்ரே கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாள். "இது எங்க அம்மா மூக்கு. உனக்கு யாரு குடுத்தா?"

ஹேரானுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "அத்தை" என்றாள்.

"அழாத. கேமராக்காரன் வந்துடுவான். காலைலேர்ந்து யாராவது அழறாங்களான்னு அலையறானுங்க." அவள் தானே அழுதுகொண்டுதான் அதைச் சொன்னாள். "இருக்கானா?"

"இருக்காரு."

"நல்லா சாப்பிடறானா?"

"சாப்பிடறாரு."

"என்ன வேலை பண்றான்?"

"…ஸ்கூல்ல."

ஜொம்ரே பக்கத்திலிருந்த கிழவியின் தொடையைத் தட்டினாள். "கேட்டியா? இன்னமும் மணிதான் அடிக்கிறானாம்!" என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தாள். "அவன்தான் ஊருக்கே கடிகாரம். மணியடிச்சுட்டு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிப்பான். குளிர்ல காது வெடிச்சு ரத்தம் வரும், நகர மாட்டான். சாயங்காலம் வந்து, உள்ள நடந்த பாடத்தை ஒரு எழுத்து விடாம எனக்குச் சொல்லுவான். எனக்கு எழுத்து தெரியும்னா அவனாலதான். இந்த அட்டை நானே எழுதினது."

ஹேரான் அட்டையைப் பார்த்தாள். எழுத்து அப்பாவுடையதைப் போலவே வலது பக்கம் சாய்ந்திருந்தது.

அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்லூரி, பேரித்தோட்டம், டோக்கியோ, எரிந்துபோன சான்றிதழ், இரண்டு மணிக்கு வரும் அமைச்சகத்து ஆட்கள், காலையில் மேசையில் அவர் சொன்ன "வேற ஆள்". ஒன்றையும் விடவில்லை.

ஜொம்ரே பாதி தின்ற சோற்றுருண்டையைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள்.

"காலேஜா? எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டாயிரத்து முந்நூறு."

"ஜன்னலுக்கு வெளியே நின்னு ரெண்டாயிரத்து முந்நூறா?" அவள் மூக்கைச் சிந்தினாள். "நானா இருந்தா அதை வாசல்லயே எழுதி வெச்சிருப்பேன். இந்தக் கழுதை போய் டோக்கியோன்னு எழுதி வெச்சிருக்கு."

"அவருக்குப் பயம், அத்தை."

"பயமா? எனக்குச் சொல்றியா பயத்தை? மூணு நாள்ல படகோட வரேன்னு சொல்லிட்டுப் போனான். நானும் அம்மாவும் கரையில பதினாறு நாள் உக்காந்திருந்தோம். பதினேழாவது நாள் வேற யாரோ படகுல ஏத்திவிட்டாங்க. அம்மா தீவுல இறங்கினதும் போயிட்டா. இந்தக் கையாலதான் குழி தோண்டினேன். முப்பத்திரண்டு வருஷமா ஆம்பளப் பிள்ளை செய்யற சடங்கை நான் செய்யறேன். இன்னிக்கு நான் வேற ஆளா?"

கூட்டத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் அவன் வாசல்ல வந்து நிக்க மாட்டேன். அதுக்குப் பயப்பட வேண்டாம்னு சொல்லு. ஆனா தப்பான ஆளைத் தேடிட்டேன்னு இங்க எவன்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். அவன் குரலை ஒரு தடவை கேக்கணும். போன் இருக்கில்ல அங்க?"

"இருக்கு."

"போடு."

தொலைபேசி வரிசை மைதானத்தை ஒரு சுற்று சுற்றி நின்றது. முறை வரும்போது நான்கு மணி ஆகிவிட்டது. நான்கு மணிக்கு அப்பாவின் அறையில் யார் யார் இருப்பார்கள் என்று ஹேரானுக்குத் தெரியும். நேர அட்டவணையைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான். கல்லூரியில் இரண்டு எண்கள் உண்டு. அலுவலகத்துக்குப் போட்டால் குக் எடுப்பார், அப்புறம் கூப்பிடுங்கள் என்பார். அவள் அப்பா அறைக்கே போகும் இன்னோர் எண்ணைச் சுழற்றினாள்.

*

கையெழுத்துப் போட வேண்டிய தாளை மியோங் எடுத்து வைத்திருந்தார். பேனாவின் மூடியையும் கழற்றியாகிவிட்டது. குக் அலுவலகத்திலிருந்து கோப்போடு வந்து பக்கத்தில் நின்றிருந்தார். இன்சுன் சுவரோரம் சின்ன மேசையில் முலாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தொலைபேசி ஒலித்தது.

தேசொப் எடுத்தார். "பெகோக் கல்லூரி."

"அப்பா, நான்தான். அத்தை பக்கத்துல இருக்காங்க. உங்க குரலைக் கேக்கணும்னு சொல்றாங்க."

வைத்துவிடலாம். தவறான எண் என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவர் கை அப்படி நகரவும் செய்தது. அதற்குள் மறுமுனையில் இன்னொரு குரல் வந்துவிட்டது. பழைய ஊரின் இழுப்பு மாறாத குரல்.

"நீ வேற ஆளாமே. இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், வேற ஆளா இருந்தா தெரியாதுன்னு சொல்லிட்டு வெச்சுடு. எங்க அம்மா எங்க அண்ணனை வீட்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவா?"

அறையில் இருந்தவர்களின் காதில் அந்தக் கேள்வி விழவில்லை. முதல்வர் நின்றுகொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

"தெரியாதுன்னு சொல்லு" என்றது குரல். "சொல்லு, வெச்சுடறேன்."

அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நான்காவதையாவது எமன் பார்க்காமல் போகட்டும் என்று அம்மா அசிங்கமான பேராகப் பார்த்து வைத்தாள். அந்தப் பேரை முப்பத்திரண்டு வருஷமாக யாரும் சொல்லவில்லை, அவரும் சொன்னதில்லை.

"நாய்ப்பீ" என்றார் பெகோக் கல்லூரியின் முதல்வர்.

குக்கின் கையில் இருந்த கோப்பு கீழே விழுந்தது. குழுவில் இளையவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோனது. ஒரு வாரமாக நாட்டில் எல்லாரும் தொலைக்காட்சியில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: ஒருத்தர் கேட்பார், இன்னொருத்தர் யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு சின்ன விஷயத்தைச் சொல்வார், பிறகு இரண்டு பேரும் கத்துவார்கள். தொலைபேசியிலிருந்து வந்த கத்தல் அறை முழுக்கக் கேட்டது.

"ஜொம்ரே" என்றார் அவர். "ஜொம்ரே. அம்மா?"

பதில் வந்தது. அவர் தலையை இரண்டு முறை ஆட்டினார். மறுபடியும் ஏதோ கேட்டாள்.

"அங்கயே இரு" என்றார் கடைசியில். "எங்கயும் போகாத. வரேன்."

அது அவர் முன்னாலும் ஒருமுறை சொன்ன சொல்தான். மறுமுனையில் அவளும் அதை நினைத்திருக்க வேண்டும். சட்டென்று தொடர்பு துண்டிக்கப்பட்டது.

மியோங் பேனாவை மூடினார்.

"வேற ஆள்னு சொன்னீங்க, ஐயா."

"பொய் சொன்னேன்."

"அட்டையில படிச்சதில்லைன்னு எழுதியிருந்தாங்க."

"அது உண்மை."

"டோக்கியோ?"

"நான் கடலைத் தாண்டினதே இல்லை."

குக் கீழே விழுந்த தாள்களைப் பொறுக்குவதுபோலக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. வெளியே மைதானத்தில் மாணவர்கள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

மியோங் இப்போது சுவர்ப் பக்கம் திரும்பினார். "அம்மா, விதிப்படி முதல்வரோட தன்விவரத்துக்குப் பொறுப்பு அறக்கட்டளைத் தலைவர்தான். உங்க முத்திரை இருக்கு இதுல. நான் இந்தக் கோப்பை எடுத்துட்டுப் போய் பொய்ச் சான்றுன்னு எழுதணுமா, இல்ல விண்ணப்பத்தை நீங்க திரும்ப வாங்கிக்கறீங்களா? நீங்கதான் சொல்லணும்."

இன்சுன் கத்தியைத் துடைத்து வைத்தாள். கையையும் துடைத்துக்கொண்டாள். நீள மேசையின் தலைப்பக்கம் ஒரு நாற்காலி உண்டு. தலைவியின் நாற்காலி, இருபது வருஷமாகக் கோப்புகள் அடுக்கி வைக்கத்தான் பயன்பட்டது. அதிலிருந்த கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அந்தத் தன்விவரத் தாளைக் குடுங்க."

மியோங் கொடுத்தார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். அவசரப்படவில்லை. டோக்கியோ என்ற வரிக்கு வந்ததும் அங்கே விரலை வைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு முந்தி எங்க அப்பாகிட்ட சொன்னதும் இதே வரிதானா?"

"இதேதான்."

"நான் சியோலுக்குப் படிக்கப் போகாம இருந்தது உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"இந்த முத்திரையை யாரு வெச்சது?"

"நான்தான்."

"ம்" என்றாள் அவள். அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு இருபது.

"சியோல் பஸ் அஞ்சு மணிக்கு. இப்ப கிளம்பினாத்தான் பிடிக்க முடியும். போங்க."

"இன்சுன், இங்க…"

"இங்க நான் இருக்கேன்."

அவர் கோட்டை எடுத்துக்கொண்டார். கதவருகே ஒருமுறை நின்று திரும்பினார். மனைவி நிமிரவில்லை. இழுப்பறையைக் காட்டி, முத்திரையை எடுத்து வரும்படி குக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து முந்நூறு பேர் ஏறி இறங்கும் அந்தப் படிக்கட்டில் அவர் தனியாக இறங்கினார். அவள் தன்னை அனுப்பி வைக்கிறாளா, வெளியே அனுப்புகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. கீழே போய்ச் சேரும்வரை யோசித்தார். அப்புறம், பேருந்து போய்விடுமே என்று ஓட ஆரம்பித்தார்.